ஏர் வாங்கும் லாரி

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அண்ணே, லோரி எடுக்க மாட்டேங்குது."

பேச்சுக்குப் பின்னால் செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் சுற்றியது. என் தூக்கம் கலைந்தது அந்தச் சத்தத்தால்தான். பேட்டரி இறங்கிப்போன லாரி முனகும். இது முனகவில்லை. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு சிலிண்டர்கூடப் பிடிக்கவில்லை.

"நிறுத்துப்பா, செல்ஃப் வெந்துடும்" என்றேன். பத்து விநாடி சுற்றினால் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். அவசரத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவனுக்கும் அவசரம்தான். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை, வாழை இலை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நாலரைக்குள் தேக்கா சந்தையில் இறக்க வேண்டும். கறிவேப்பிலையும் வாழை இலையும் நமக்காகக் காத்திருக்காது.

இது நடந்தது 2023 நவம்பரில். எங்கள் முதலாளியிடம் மூன்று லாரிகள். மூன்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. லாரி ஓட்டுகிற தம்பி, மலேசியாவின் ஜோகூரில் இருந்து நள்ளிரவில் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறவன். அவன் லோரி என்பான், நான் லாரி என்பேன். இந்த லாரி 2005-இல் பதிவானது. 14 அடி தளம், பின்னால் பேட்டரியில் ஓடும், சரக்கை ஏற்றி இறக்கும் டெயில் லிஃப்ட், 2.8 லிட்டரில் நான்கு சிலிண்டர் ஜப்பானிய டீசல் என்ஜின், 24 வோல்ட். கணினி ஏதும் கிடையாது. டீசலை அளந்து அழுத்திக் கொடுப்பது ஒரு ரோட்டரி பம்பு. பாஷ் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த வி.இ. வகையின் வழிவந்தது. உள்ளங்கை இரண்டிலும் ஏந்திவிடலாம், அவ்வளவுதான் அளவு. அதற்குள் டீசலைத் தள்ளும் ஒரே ஒரு தண்டு, பிளஞ்சர் என்போம், சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பரிமாறுகிறது. மனிதன் செய்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று.

அன்றைக்கு எப்படியோ எடுத்துவிட்டது. விட்டுவிட்டு ஏழெட்டு முறை சுற்றிய பிறகு ஒரு சிலிண்டர் பிடித்து, வெள்ளைப் புகையாகத் தள்ளி, தடுமாறி, அப்புறம் நான்கும் சேர்ந்துகொண்டன. அதன் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. எத்தனை முறை நிறுத்தினாலும் சாவியைத் திருப்பிய உடனே எடுத்தது. இந்தக் கூத்து மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று வாரத்தில் செலவானதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இரண்டு பேட்டரியும் மாற்றினார்கள். அதில் நியாயம் உண்டு. டெயில் லிஃப்ட் இருக்கிற லாரியில் முதலில் பழி பேட்டரி மீதுதான் விழும், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். அடுத்ததாக ஒரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, சரிசெய்த வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவதாக இன்னொரு பட்டறையில் டீசல் பம்பையே இறக்கி சர்வீஸ் செய்ய வேண்டும், 1,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆகும் என்றார்கள். அந்தச் சமயம் நான் ஊரில் இருந்தேன். திரும்பி வந்த இரண்டாம் நாள்தான் இந்தப் போன்.

முதலாளி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பம்பை இறக்கலாமா, வேணாமா? நீ சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கொடுங்க" என்றேன்.

எனக்கு டீசல் என்ஜினைக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. புதுக்கோட்டைப் பக்கம், வயலுக்கு நீர் இறைக்கிற ஆயில் என்ஜின்களை ரிப்பேர் பார்த்து வந்தவர். ஒற்றைச் சிலிண்டர், பேட்டரி கிடையாது, செல்ஃப் கிடையாது. லீவரைத் தூக்கி, சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் கம்ப்ரெஷனை விடுவித்து, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட வேண்டும். என்ஜின் எடுக்கவில்லை என்று ஆள் வந்தால் மாமா ஸ்பேனரைத் தொடவே மாட்டார். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு, என்ஜின் தலைப்பக்கம் காதை வைப்பார். நாசில் டீசலைத் தெளிக்கும்போது 'கிர்க்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டால் டீசல் வருகிறது, கோளாறு வேறெங்கோ. கேட்கவில்லை என்றால் டீசல் வரவில்லை. பெட்டியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். பத்து வயதில் அந்தச் சத்தத்தை நானும் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூர் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் என் வேலையில் அதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் படிக்கவில்லை.

பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் என்ஜினுக்கு வேண்டாம். காற்றைச் சுமார் 18-இல் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினும் இதே கணக்குதான். ஆகையால் எடுக்காத டீசல் என்ஜினிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சில. போதுமான வேகத்தில் சுற்றுகிறதா? டீசல் வருகிறதா? நெருக்கும் சூடு இருக்கிறதா? காற்று போகிற வழி அடைத்திருக்கிறதா என்பதும் உண்டு, ஆனால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் முதல் சந்தேகம், எடுக்கும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் மீது விழும். பனி உறையும் காலையில் இரும்பு சில்லிட்டுக் கிடக்கும், சூடு போதாது. சிங்கப்பூரில் மழைக்கால விடியற்காலையிலும் 22 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கிற என்ஜின் இந்த வெப்பத்தில் ஹீட்டர் பிளக்கே இல்லாமல் எடுக்கும். டீசலைச் சின்ன அறையில் முதலில் எரியவிடும் பழைய வகை என்றால் கதை வேறு. அந்த அறைச் சுவர் சூட்டைக் குடித்துவிடும், அதற்கு இங்கேயும் ஹீட்டர் பிளக் தேவை. எங்கள் லாரி முதல் வகை. ஹீட்டர் பிளக்கைக் கடைசிக்குத் தள்ளினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். முந்தின நாள் மதியத்திலிருந்து அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். காலையில் மட்டும் வருகிற நோயை மாலையில் தேடினால் கிடைக்காது. தம்பியும் வந்திருந்தான். அவனுக்கு அன்று விடுமுறை, கூப்பிடாமலே வந்தான்.

முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 25.3. தம்பி சாவியைத் திருப்பியதும் 21.6-இல் நின்றது. 24 வோல்ட் லாரியில் சுற்றும்போது 19-க்கு மேல் நின்றால் எனக்குப் போதும். அடுத்து எர்த் கேபிள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கம்பி, என்ஜின் இரும்பில் ஒரு கம்பி, சுற்றும்போது 0.2 வோல்ட். அதுவும் சரி. இந்த எர்த் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்காக நல்ல செல்ஃப் மோட்டாரைத் தூக்கி எறிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் லாரியில் கழற்றிய செல்ஃப் மோட்டாரும் அநேகமாக நல்லதாகத்தான் இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

சுற்றும் வேகம் சரி. சுற்றும் தாளமும் சரி. நான்கு சிலிண்டரும் ஒரே சீராக நெருக்கினால் சத்தம் ஒரே அளவாக வரும். ஒன்றில் அழுத்தம் குறைந்திருந்தால் நாலில் ஒரு தடவை சறுக்கும். காதுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் சைலன்சர் முனைக்குப் போய் நின்றேன். இதை நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அழுத்திச் சொல்வேன். என்ஜின் எடுக்காமல் சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை. கருவி வேண்டாம், இன்னொரு ஆள் இருந்தால் போதும். தம்பி சுற்றினான். குழாய் வாயில் என் கையை வைத்தேன். காற்று வந்தது, புகை இல்லை, டீசல் வாடையும் இல்லை.

அப்படியானால் சூடு, கம்ப்ரெஷன், ஹீட்டர் பிளக் எல்லாம் இப்போதைக்குப் பேச்சில் இல்லை. டீசல் ஏன் வரவில்லை என்பது மட்டும்தான் பாக்கி.

வி.இ. பம்பின் தலையில் டீசலைத் திறந்து மூடும் ஒரு சாலினாய்டு, மின்சாரத்தில் இயங்கும் வால்வு, உண்டு. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அணைத்தால் மூடிக்கொள்ளும். அதற்குப் போகும் வயர் கழன்றிருந்தாலோ ஃபியூஸ் போயிருந்தாலோ என்ஜின் இதே மாதிரி வெறுமையாகச் சுற்றும். அதைச் சோதித்தேன், 'டிக்' வந்தது, டெஸ்ட் விளக்கும் எரிந்தது. பம்பைச் சுற்றித் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி விட்டேன். எங்காவது கசிந்தால் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைக்காரர்கள் பம்பைச் சந்தேகித்ததிலும் அர்த்தம் இருந்தது. கந்தகத்தை மிகவும் குறைத்த டீசலில் வேறு சில சேர்மங்களும் குறைந்துபோகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல்கள் சுருங்கிவிடும். பழைய பம்புகள் பல ஊரில் இப்படிக் கசிந்திருக்கின்றன. ஆனால் எங்கள் பம்பில் பவுடர் காய்ந்தபடியே இருந்தது.

அடுத்தது, நாசில் இருக்கும் இன்ஜெக்டரில் வந்து சேரும் இரும்புக் குழாயின் நட். இரண்டு சிலிண்டரில் மட்டும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுச் சுற்றச் சொன்னேன். நல்ல நிலையில் அங்கே டீசல் பீச்சி அடிக்கும். எங்களுக்கு வந்தது நுரை. சோப்புத் தண்ணீர் மாதிரி, பொரிந்துகொண்டு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நட்டைத் தளர்த்துவது இந்த மாதிரிப் பழைய பம்புக்கு மட்டும். காமன் ரெயில் என்கிற, டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் புதிய வகை லாரியில் தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். பழைய என்ஜினில் நாசில் திறப்பது 200 பார் அழுத்த அளவில். காமன் ரெயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும் இருக்கும். அந்தத் தாரை தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அது உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய காயம். பழைய என்ஜினிலும் தாரைக்கு நேராக விரலைக் கொண்டுபோகக் கூடாது. அதேபோல் காற்றுக் குழாயில் ஈதர் ஸ்ப்ரே அடித்து எடுக்கவைப்பது. ஹீட்டர் சூடாக இருக்கும் நேரத்தில் அது பற்றி வெடிக்கும், பிஸ்டன் உடைந்த என்ஜின்களும் உண்டு. டீசலே வராத என்ஜினுக்கு ஸ்ப்ரே அடித்து என்ன கிடைக்கப்போகிறது? ஒரு வெடிப்பு கிடைக்கும், அடுத்த விநாடி மறுபடி அணைந்துவிடும்.

சரி, நுரைக்கு வருகிறேன்.

நுரை என்றால் குழாயில் காற்று இருக்கிறது. எங்கள் தொழிலில் இதை 'ஏர் பிடித்துவிட்டது' என்போம். டீசலை நெருக்க முடியாது, பிளஞ்சர் தள்ளினால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று அப்படி இல்லை. அது பஞ்சு மாதிரி, தள்ளினால் சுருங்கும், விட்டால் விரியும். பிளஞ்சர் எவ்வளவு உழைத்தாலும் நாசிலைத் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. ஊசி போடும்போது நர்ஸ் சிரிஞ்சைத் தட்டிக் குமிழை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காரணம் வேறு, ஆனால் குமிழை ஏன் ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டுத் துரத்துகிறார் என்பது எனக்கு அந்த நேரத்தில் நன்றாகப் புரியும். ருடால்ஃப் டீசல் தன் முதல் என்ஜினில் அழுத்தமேற்றிய காற்றைக் கொண்டுதான் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளினார். அதற்கென்று தனியாக ஒரு காற்று கம்ப்ரெஸர் வேண்டியிருந்தது. டீசலை நேராக அழுத்தித் தெளிக்கும் பம்பை பாஷ் நிறுவனம் 1927-இல் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் டீசல் என்ஜின் லாரிக்குள் வசதியாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து குழாயில் இருக்கும் காற்று எதிரி ஆகிவிட்டது.

ஃபில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்பை அமுக்கிப் பார்த்தேன். பொதபொதவென்று இருந்தது. முப்பது தடவைக்கு மேல் அமுக்கிய பிறகுதான் கைக்குக் கெட்டியானது. தளர்த்திய நட்டுகளை இறுக்கிவிட்டுத் தம்பியிடம் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரு சுற்றுகூட முழுதாக ஆகவில்லை, என்ஜின் எடுத்துவிட்டது.

தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். பம்பு நல்லது, நாசில் நல்லது, கம்ப்ரெஷன் நல்லது என்று அந்த ஒரு சுற்று சொல்லிவிட்டது. முதலாளியின் 1,600 வெள்ளி தப்பித்தது. ஆனால் டீசல் இராத்திரி எங்கே போகிறது?

அப்போதுதான் தம்பி சொன்னான். "அண்ணே, டேங்க் ஃபுல்லா இருக்குற அன்னிக்கு லோரி நல்லா எடுக்கும். கால் டேங்குக்குக் கீழ போனாத்தான் இந்த மாதிரி."

"இதை ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல அண்ணே."

உண்மைதான். மூன்று வாரத்தில் இரண்டு பட்டறை, மூன்று மெக்கானிக். தினமும் அந்த லாரியோடு இருக்கிறவனிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த நானும் இரண்டு நாளாகக் கேட்கவில்லை. மாமாவாக இருந்திருந்தால் என்ஜினுக்கு முன்னால் ஆளிடம்தான் காதைக் கொடுத்திருப்பார்.

அவன் சொன்னதும் எனக்கு எங்கள் தெரு அடிபம்பு நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் அம்மா குடத்தோடு ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவார். பம்பின் தலையில் அதை ஊற்றி வேகமாக அடித்தால்தான் தண்ணீர் ஏறும். இராத்திரி முழுக்க யாரும் அடிக்காமல் இருந்ததில் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிப்போயிருக்கும். உள்ளே இருக்கிற தோல் வாஷர் தேய்ந்து, பிடித்து வைக்க முடியாமல் விட்டிருக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் தெருவே வரிசையில் நின்று எடுத்தாலும் விடாமல் வரும். கிணற்றில் நீர் மட்டம் மேலே இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் சொம்பு தேவைப்படாது. சித்திரையில் கட்டாயம் வேண்டும்.

எங்கள் லாரிக்கும் இதே நோய்தான். வி.இ. பம்பு தானே டேங்கிலிருந்து டீசலை இழுத்துக்கொள்கிறது. டேங்கிலிருந்து பம்பு வரை முழுக் குழாயும் உறிஞ்சும் பக்கம். அந்தப் பக்கத்தில் எங்காவது மயிரிழை அளவு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி ஓடும்போது கொஞ்சம் குமிழ் வந்தாலும், பம்பின் மேல்பக்கமாகத் திரும்பும் டீசலோடு சேர்ந்து டேங்குக்கே போய்விடும். அதனால் நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. நிறுத்தி எட்டு மணி நேரம் ஆனதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் மெதுவாக டேங்கை நோக்கி இறங்கிவிடும். டேங்க் நிறைந்திருந்தால் மட்டம் உயரம், இறங்க இடம் குறைவு. கால் டேங்க் என்றால் முழுக்க இறங்கிவிடும். சித்திரை மாதம்.

இந்த மாதிரி ஓட்டை பிடிபடாமல் போவதற்குக் காரணம் இதுதான். கசிவு என்றால் நாம் ஈரத்தைத் தேடுகிறோம். தரையில் சொட்டு இருக்கிறதா, குழாயில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஏர் வாங்கும் ஓட்டை ஈரமே காட்டாது. சுத்தமாக, காய்ந்து, பார்க்க நன்றாக இருக்கும்.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளம் எடுத்து, முதலில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டினேன். என்ஜின் ஓடும்போது குமிழ்கள் மணி கோத்தது போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "இதுதானா அண்ணே?" என்றான். பிறகு அதையே ஃபில்டருக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் பக்கத்தில் மாட்டினேன். அங்கேயும் குமிழ். ஆக ஃபில்டர் மீது தப்பில்லை, அதற்கும் பின்னால் டேங்க் பக்கம். ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, லாரியின் டேங்கை விட்டுவிட்டு நேராகக் கேனிலிருந்து இழுக்கவிட்டேன். இரண்டு நிமிடத்தில் குமிழ் நின்றது. மிச்சம் இருந்தது ஃபிரேமோடு போகும் இரும்புக் குழாயும், அதை டேங்கின் மேல் மூடியோடு சேர்க்கும் சின்ன ரப்பர் ஹோஸும்.

அந்த ஹோஸ் ஒரு கை நீளம்கூட இல்லை. டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், பதினெட்டு வருட மண்ணும் சேறும் அப்பிய இடத்தில் இருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. கட்டைவிரலால் அதை வளைத்தபோது மேல்பக்கத்தில் ரப்பர் வாய் பிளந்தது, கிளிப்பின் ஓரத்தில். யாரோ எப்போதோ அதை மாற்றியிருக்கிறார்கள். அது டீசலுக்கான ஹோஸே இல்லை, தண்ணீருக்குப் போடும் சாதாரண ரப்பர். டீசல் பட்டுப் பட்டு உள்ளே கூழாகி, வெளியே வெடித்திருந்தது. கிளிப்பையும் ரப்பருக்குள் இறங்கும் அளவுக்கு முறுக்கியிருந்தார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். விலை வித்தியாசம் இரண்டு மூன்று வெள்ளிகூட இருக்காது. அந்த இரண்டு வெள்ளிக்காக ஒரு பையன் மூன்று வாரம் இருட்டில் நின்று திட்டு வாங்கினான்.

கைப் பம்பையும் கழற்றிப் பார்த்தேன். அதற்குள் இருக்கும் சின்ன வால்வு, அடிபம்பின் வாஷர் மாதிரியே, தேய்ந்து சரியாக உட்காராமல் இருந்தது. அது நல்ல நிலையில் இருந்திருந்தால் ஃபில்டருக்குள் இருக்கும் டீசலையாவது பிடித்து வைத்திருக்கும். அப்போது நோய் வேறு மாதிரி தெரிந்திருக்கும். உடனே எடுத்து, அரை நிமிடம் ஓடி, அணைந்திருக்கும். தம்பியிடம் கேட்டேன். "ஆமாண்ணே, மொத மொத அப்படித்தான் ஆச்சு" என்றான்.

ஹோஸ் ஆறு வெள்ளி. கைப் பம்பின் தலையை மாற்றினோம், புது ஃபில்டரும் போட்டோம், குழாயைப் பூட்டும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டுகளுக்குப் புது செம்பு வாஷர். பழைய ஃபில்டரின் அடியைத் திறந்து கண்ணாடித் தம்ளரில் பிடித்தபோது ஒரு கரண்டி தண்ணீர் பிரிந்து நின்றது, நடுவில் பழுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு அரை டேங்கோடு தூங்கும் லாரியில் இது சேரத்தான் செய்யும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். மாதம் ஒருமுறை வடித்துவிட்டால் போதும், அதைத் தம்பிக்குக் காட்டிக்கொடுத்தேன்.

வி.இ. பம்பில் கை வைக்கிறவர்களுக்கு இன்னொன்று. டீசல் உள்ளே வரும் போல்ட்டும் வெளியே போகும் போல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வெளியே போகும் போல்ட்டில் மட்டும் ஊசி முனை அளவு துளை, தலையில் 'அவுட்' என்று எழுத்து. அந்தத் துளைதான் பம்புக்குள் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் பம்பு பட்டினி கிடக்கும், என்ஜின் எடுக்காது, எடுத்தாலும் இழுக்காது. நல்ல பம்பை மாற்ற வைக்கிற தவறு அது. கழற்றும்போதே பெயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லாரி இப்போது இல்லை. சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு 20 ஆண்டுதான். 10 ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்னொரு 10 ஆண்டு ஓட்டலாம், அதற்கு மேல் கிடையாது. 2006 அக்டோபரில் புது டீசல் வண்டிகளுக்கு யூரோ 4 புகை விதி வந்த பிறகு கைக்கு அடங்குகிற இந்தப் பம்புகள் மெல்ல மெல்ல மறைந்துவிட்டன. எங்கள் லாரி 2025-இல் போனது. இப்போதைய லாரி எடுக்கவில்லை என்றால் முதலில் கணினியைச் சொருகுகிறேன். அதுவும் நல்ல கருவிதான், ஆனால் புது லாரியின் ஹோஸிலும் ஓட்டை விழும், அப்போதும் யாராவது குனிந்துதான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயைத் தம்பி தன் பெட்டியில் வைத்திருக்கிறான்.

அந்த ஞாயிறு இரவு லாரியை வேண்டுமென்றே கால் டேங்குக்குக் கீழேதான் நிறுத்தச் சொன்னேன். திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி எதுவும் பேசவில்லை. "அண்ணே, கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை என்ஜின் பக்கம் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.